முன் சீட்டுக்காரர்களின் பாட்டு

"பழைய பாட்டு மாதிரி வருமா?" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு இப்போதும் காது சூடாகிவிடுகிறது. கேட்பவர் பதிலுக்காகக் கேட்கவில்லை, என் வாயை மூடத்தான் கேட்கிறார் என்று தெரியும். இதை நான் எங்கள் கம்பெனி பஸ்ஸில் தெரிந்துகொண்டேன்.

பஸ் திருவள்ளூரிலிருந்து கிளம்பும். செவ்வாப்பேட்டை, வேப்பம்பட்டுப் பெண்கள் மின்சார ரயிலில் வந்து இறங்கி, மூச்சிரைக்க ஓடிவந்து ஏறுவார்கள். பெரியபாளையம் தாண்டி, கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போவோம். முன் பாதி ஸ்டாஃபுக்கு, பின் பாதி லைனில் நிற்கும் கான்ட்ராக்ட் பெண்களுக்கு என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். நான் டிப்ளமோ முடித்து, தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அதனால் எனக்கு முன் பாதியில் இடம். அதை யாரும் எனக்குச் சும்மா தரவில்லை. நிமிர்ந்துதான் உட்காருவேன்.

டிரைவருக்குப் பக்கத்து முதல் சீட் ஸ்டோர்ஸ் பிரிவு சாருடையது. அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென் டிரைவ் இருக்கும். அவர் ஏறி அதைச் செருகினால்தான் பஸ்ஸில் பாட்டு. போகும்போதும் வரும்போதும் கறுப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டுகள் மட்டும். நடுவில் திரும்பி, "வார்த்தை ஒவ்வொண்ணும் எவ்ளோ தெளிவா கேக்குது பாத்தீங்களா?" என்பார். பக்கத்துச் சீட்டுகள் தலையாட்டும். பின்னால் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண், கடைசி நாள் மாலை திரும்பும்போது எல்லோருக்கும் ஜாங்கிரியும் மிக்சரும் கொடுப்பாள். அவள் இறங்கும்வரை பின் பாதி அவளைக் கிண்டல் செய்தே கொன்றுவிடும். அந்த முறை, காருக்கான ஒயர்களைக் கட்டும் லைனில் இருந்த ஒரு வேப்பம்பட்டுப் பெண்ணின் கடைசி வாரம். மாப்பிள்ளைக்குச் சித்தூர்ப் பக்கம். அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. கடைசி நாள் பஸ் ஸ்பீக்கரில் அவள் போனிலிருந்து அவளுடைய பாட்டுகள் ஓட வேண்டும், எல்லோரும் ஆட வேண்டும்.

"மண்டபத்துல எனக்கு யாருக்கா கச்சேரி வெக்கப் போறாங்க? இதான் எனக்குக் கச்சேரி. நீதான் முன்னாடி குந்திக்கினு கீறியே, நீ கேளு."

அன்று திரும்பும்போதே கேட்டேன். சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதெல்லாம் பாட்டாம்மா? தகர டப்பாவ மாடிப்படில உருட்டி வுட்ட மாதிரி கீது. இப்ப வந்த பாட்டு ஒண்ணு சொல்லு, அடுத்த வருசம் எவனுக்காச்சும் ஞாபகம் இருக்குமா?"

"ஒரு நாளைக்குத்தானே சார். அதுவும் திரும்பி வரும்போது."

"ஒரு நாள் வுட்டா தெனமும் வுடணும். நீ படிச்ச பொண்ணு. அதுங்களுக்கு நல்ல ரசனைய நீதான் சொல்லித் தரணும். நீயே அதுங்களோட சேந்துக்கினு வந்து கேக்கற."

அதுங்க. பின்னால் அவர்கள் விழித்துத்தான் இருந்தார்கள்.

"சார், நம்ம கம்பெனில மாதிரிக்குன்னு எடுத்து வெச்சிருக்கற மாஸ்டர் பீஸ எடுத்து, ரிஜெக்ட் தொட்டில கெடக்கறதோட வெச்சுப் பாத்துட்டு, இன்னிக்குச் செஞ்ச லாட்டே மோசம்னு நான் எழுதுனா ஒத்துப்பீங்களா? அந்தக் காலத்துலயும் குப்ப வந்துச்சு. அத யாரும் பென் டிரைவ்ல ஏத்தல, அவ்ளோதான்."

டிரைவர் சிரித்துவிட்டார். அதுதான் சாரால் பொறுக்க முடியாமல் போயிற்று. பட்டனை அழுத்தி அழுத்தி ஒரு பாட்டைத் தேடினார். அந்த வகைப் பாட்டு எல்லோருக்கும் தெரியும். கதாநாயகி படித்தவள், அதனால் திமிர் பிடித்தவள். கதாநாயகன் அவளைச் சுற்றிச் சுற்றி வந்து பாடி, கடைசிச் சரணத்தில் அவளைத் தலைகுனிய வைப்பான். மெட்டு தேனாக இருக்கும். சார் ஒலியைக் கூட்டிவிட்டு, "யாருக்குன்னு சொல்லவே வேணாம்," என்றார். முன் பாதி முழுக்கச் சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அவர் பின்மண்டையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால், அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே அதே பாட்டை முனகிக்கொண்டிருந்தார். அவருக்குப் பிடித்த பாட்டு அது. அதுவரை எனக்கும் பிடித்திருந்தது.

"நைனா, அத நிறுத்து."

"ஏன், நல்ல பாட்டாச்சே?"

"அதுல இன்னா சொல்றான்னு என்னிக்காச்சும் கேட்டியா?"

"பாட்டுல எவன் இன்னா சொல்றான்னு கேப்பாங்களா? கேக்க நல்லா கீது, பாடறேன்."

"படிச்ச பொண்ணு திமிரு புடிச்சவன்னு சொல்றான். என்னத்தான் சொல்றான்."

அவர் வாளியைக் கீழே வைத்தார். "இத பாடிக்கினுதான் உன்ன சைக்கிள்ல இஸ்கூலுக்கு இட்டுக்கினு போனேன். நீ இன்னா படிக்காமயா பூட்ட?"

எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. ஒரே பாட்டைப் பாடிக்கொண்டு ஒருவர் என்னைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டார், இன்னொருவர் அதைக் கொண்டே என்னை அடக்கப் பார்த்தார். இதில் எந்தப் பாட்டுக்கு என்ன மார்க் போடுவது? புதுப் பாட்டு யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. காதலித்தவள் ஏமாற்றிவிட்டாள் என்று குடித்துவிட்டு எங்களைத் திட்டும் பாட்டுகள் அந்தப் பெண்ணின் போனிலும் இருந்தன. ஆனால் அவற்றை வைத்துக்கொண்டு யாரும் எனக்கு ரசனை கற்றுக்கொடுக்க வந்ததில்லை. ராத்திரி சாப்பிடும்போதும் ஒரே கேள்விதான் மனசில் ஓடியது. அந்த ஸ்பீக்கரைச் சாருக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள்?

கடைசி நாள் மாலை. ஜாங்கிரி, வழக்கம்போல, முன் சீட்டுக்குத்தான் முதலில் வந்தது. சார் எடுத்துக்கொண்டு, "நல்லா இரும்மா," என்று வாழ்த்தினார். வாழ்த்திவிட்டுப் பென் டிரைவைச் செருகினார்.

எழுந்து போய் அதை உருவினேன். பாகு ஒட்டியிருந்த அவர் கையிலேயே வைத்தேன்.

"நாளைக்குக் காலைல போட்டுக்குங்க சார்."

"இன்னா தைரியம் உனக்கு! எச்.ஆர். கிட்ட எழுதிக் குடுத்துருவேன்."

"குடுங்க. என் பேர எப்படி எழுதறதுன்னு தெரியலன்னா கேளுங்க, நானே எழுதித் தரேன்."

அந்தப் பெண் ஜாங்கிரி டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "வேணாங்க்கா, வுட்டுடு. பேஜாராயிடும்," என்றாள்.

"உனக்குத்தான் நாளைலேந்து வேலையே கெடையாதே. உன்ன இன்னா பண்ணிடுவாரு? போட்றி பாட்ட!"

பின் பாதி வெடித்துச் சிரித்தது. டிரைவர் ரோட்டைப் பார்த்தபடியே, "ப்ளூடூத் ஆன்லதான் கீது," என்றார்.

முதல் அடியிலேயே ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. உண்மையைச் சொன்னால் பாட்டு சுமார்தான். வார்த்தை பாதி புரியவில்லை. ஆனால் லைனில் நாள் முழுக்க நின்று கால் வீங்கிய பெண்கள், மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் ஆடினார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஆடினாள், பிரேக் போட்டபோதும் நிறுத்தவில்லை. சார் பெரியபாளையத்திலேயே இறங்கி டவுன் பஸ்ஸைத் தேடிப் போனார். திருவள்ளூரில் இறங்கியபோது அவளுக்குக் குரலே இல்லை. என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு ரயிலுக்கு ஓடினாள்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டு எச்சரித்தார்கள். பஸ்ஸில் இனி யாருடைய பாட்டும் கூடாது என்று உத்தரவு வந்தது. முன் பாதியில் பலர் என்னோடு பேசுவதில்லை. சார் பல நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். பிறகு ஒருநாள் தாங்க முடியாமல் திரும்பினார்.

"இப்ப திருப்தியா உனக்கு? உன்னால எல்லாருக்கும் பாட்டு இல்லாம பூட்ச்சி."

"உங்களுக்குத்தான் சார் இல்லாம பூட்ச்சி," என்றேன். "அவங்களுக்கு என்னிக்கு இருந்துது?"