அவர் பாடிய தாலாட்டு

ரயில் பதுளையை எட்டிப் பார்க்காத காலம். ஒரு காலையில் கடையில் மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தராசோடு சாய்ந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு அடியோடு போய்விட்டது. தண்ணீர் கேட்கக்கூட வராமல் வாயைக் கோணிக்கொண்டு அழுவார். அப்படிப்பட்டவர், நான் விளக்கேற்றும்போது முணுமுணுத்த சாமி பாட்டை ஒருநாள் சொல் பிசகாமல் கூடவே பாடினார். கையிலிருந்த எண்ணெயைக் கொட்டிவிட்டேன்.

ஆஸ்பத்திரி டாக்டர் இதில் அதிசயம் ஒன்றுமில்லை என்றார். மூளையில் பேச்சுக்கு ஓர் இடம், பாட்டுக்கு வேறோர் இடமாம்; ஒன்று கெட்டாலும் மற்றது பிழைத்துக் கிடக்குமாம். தினமும் பாடவைத்தால் பேச்சும் திரும்பலாம் என்றார். எங்கள் கடைச் சுவரிலுள்ள இழுப்பறைகள் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். சீரக அறைக்குப் பக்கத்துக் கடுகைப் பற்றி என்ன தெரியும்?

எனக்குத் தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்த பிறகு அவராகவே ஒன்றை எடுத்தார். தாலாட்டு. எங்களுக்குப் பிள்ளை கிடையாது. எங்கள் வீட்டில் தொட்டில் கட்டியதே இல்லை.

"ஒத்தக் கொம்புக் காள கட்டி ஒம் மாமன் வாராரு,
பதுளைக் கடை சாத்திவச்சு ஒங்கப்பா வாராரு."

தாலாட்டென்றால் மாமன் வந்தே தீருவான்; கூடப்பிறந்தவனைச் சொல்லாமல் எந்தத் தாயும் பாடமாட்டாள். லுணுகலைப் பாதையில் ஒற்றைக் கொம்புக் காளை ஒன்றுதான் உண்டு. எங்களுக்குச் சரக்கு ஏற்றிவரும் வண்டிக்காரனுடையது; லுணுகலையில் தங்கையோடு குடியிருந்தான். அவன் தங்கையைக் கட்டியவன், பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இந்தியாவுக்குப் போனவன் திரும்பவில்லை என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் உச்சுக்கொட்டி, அவளுக்குச் சேலையெல்லாம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

கஞ்சி ஊட்டிய கையாலேயே அவரை அறையலாம் போலிருந்தது. கேட்டால் பதில் சொல்ல வாய் கிடையாது. பாட மட்டும் வாய் இருக்கிறது.

ஆனாலும் மனசு ஏதாவது சமாதானம் தேடத்தானே செய்யும். கதிர்காமம் முருகன் கோயிலில் பிள்ளை வரம் கேட்டு நின்றபோது அவர் என் பக்கத்தில் தேம்பித் தேம்பி அழுதார். முந்தானையால் துடைத்துவிட்டவள் நான். அது நடிப்பில்லை. டாக்டர் சொன்னதுபோல், அங்கே அழுத அறைக்கு லுணுகலை அறையைப் பற்றித் தெரியாமலே இருந்திருக்கலாம். அப்படியென்றால் அந்த அழுகையாவது எனக்கே எனக்கு. அதைப் பிடித்துக்கொண்டு சில நாட்களைத் தள்ளினேன்.

பிறகு வண்டிக்காரன் சரக்கோடு வந்தான். உள்ளே அவர் பாடிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டதும் அவன் மூட்டையை இறக்காமல் முதுகில் வைத்தபடியே நின்றுவிட்டான். அவனைப் பார்த்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது: நாங்கள் கதிர்காமம் போனதே இவன் வண்டியில்தான். பிள்ளைக்கு முடியிறக்க வேண்டும் என்று சொல்லி அவன் தங்கையும் கூட வந்தாள். வழி நெடுக அந்தக் குழந்தை தூங்கியது என் மடியில்.

"பிள்ளைய எம் மடியில குடுக்கச் சொன்னது யாரு?"

அவன் தலை நிமிரவில்லை. "மொதலாளிதாங்க, அக்கா. மடியில வச்சிருந்தா ஒங்களுக்கும் ஒண்ணு பொறக்கும்னு சொன்னாரு."

அவளிடமிருந்து வாங்கி என் மடியில் வைத்ததும் அவர் கைதான். தன் பிள்ளையென்று தெரிந்து, எனக்குப் பிள்ளை இல்லையென்றும் தெரிந்து, இரண்டையும் ஒரே சமயத்தில் நினைத்துத்தான் வைத்திருக்கிறார். இழுப்பறையாவது மண்ணாங்கட்டியாவது.

உள்ளே பாட்டு நின்றுவிட்டது. வண்டிக்காரன் குரல் காதில் விழுந்திருக்க வேண்டும். நான் போய் நின்றதும் என் முகத்தைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதார். கதிர்காமத்தில் அழுத அதே அழுகை. நான் துடைத்துவிடவில்லை.