ஜட்ஜ் வீட்டுக் கத்தி

என் வீட்டுக்காரர் கத்திக் கடையில் வேலை பார்க்கிறார். எங்கள் வீட்டில் உருப்படியான கத்தி கிடையாது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாக நான் புழங்கியது, ரொட்டிப் பாக்கெட்டோடு இலவசமாக வந்த கத்தி. தக்காளியை அது வெட்டாது, நசுக்கும். "உங்க கடையில நாலு சுவத்துலயும் கத்தியா தொங்குது, ஒண்ணு கொண்டுவரக் கூடாதா?" என்று கேட்டால், "உனக்கு எந்த ஸ்டீல் சரிப்படும்னு இன்னும் முடிவு பண்ணலை" என்பார். என்னைக் கட்டிக்கொள்ளப் பத்தே நிமிஷத்தில் முடிவெடுத்த மனிதர் இவர்.

கடையில் அவருக்குப் பட்டப்பெயர் ஜட்ஜ். யாராவது கத்தி கேட்டு வந்தால் மற்ற விற்பனையாளர்கள் கத்தியை எடுத்துக் காட்டுவார்கள். இவர் குறுக்கு விசாரணையில் இறங்கிவிடுவார். எதை வெட்டுவீர்கள்? எலும்பு உண்டா? வெட்டியதும் கழுவித் துடைப்பீர்களா, தொட்டியில் போட்டுவிட்டு டிவி பார்க்கப் போய்விடுவீர்களா? டப்பா மூடியை எதால் திறப்பீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வியில் பாதிப் பேருக்கு முகம் மாறிவிடும்.

அவர் சொல்வதில் தப்பே இருக்காது, அதுதான் எரிச்சல். கெட்டியான எஃகு மாசக்கணக்கில் கூர் போகாமல் இருக்குமாம். ஆனால் எலும்பில் பட்டால் சில்லு பெயரும், நெம்பினால் முனை முறியும். முரட்டு வேலைக்குக் கொஞ்சம் இளக்கமான எஃகு வேண்டும். அது சீக்கிரம் மழுங்கினாலும் வளையுமே தவிர உடையாது, கல்லில் நாலு தேய்ப்புத் தேய்த்தால் பழையபடி வெட்டும். ஈரம் பட்டால் துருப்பிடிக்கும் ரகம் ஒன்று உண்டு, அதைத் துடைத்துத் துடைத்து வைக்கவேண்டும். துருப்பிடிக்காத ரகத்துக்கு இவர் வைத்திருக்கும் பெயர் 'சோம்பேறி ஸ்டீல்'. வாங்க வந்தவர் முகத்துக்கு நேராகவே அதைச் சொல்லுவார்.

பளபளவென்று இருக்கிறதே என்று விலை உயர்ந்த கத்தியை ஆசையாகத் தூக்கியவரிடம், "இது உங்களுக்கு வேணாம்ணே, ஒரே வாரத்துல ஒடைச்சிடுவீங்க" என்று பிடுங்கித் திரும்ப மாட்டுவார். முதலாளி கல்லாவில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் முதலாளிக்கும் பொறுமை போய்விட்டது. கெட்டி எஃகில் நாற்பது கத்திகள் வந்து இறங்கியிருந்தன. மூன்று வாரத்தில் இவர் விற்றது இரண்டு. இவரைக் கூப்பிட்டு, "மாசக் கடைசிக்குள்ள அந்த அலமாரி காலியாகணும். ஆகலைன்னா நீ வேற வேலை பாத்துக்க" என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். இவருக்கு வேறு என்ன வேலை தெரியும்? எங்கே போய் உட்கார்ந்தாலும் அங்கேயும் கேள்விதான் கேட்பார். மறுநாள் நானே கிளம்பினேன். முதலாளி என்னைப் பார்த்ததில்லை. யாரோ ஒரு வாடிக்கையாளர் மாதிரி போய், முதலாளி கண்ணெதிரே கெட்டிக் கத்தி ஒன்றை வாங்கிவிட்டால், அலமாரியில் ஒன்றாவது குறையும், இவருக்கும் தைரியம் வரும் என்று நினைத்தேன்.

கடையில் நல்ல கூட்டம். என்னைப் பார்த்ததும் இவர் வாயைப் பிளந்தார். பிறகு சுதாரித்துக்கொண்டு, "வாங்கம்மா, என்ன வேணும்?" என்றார். கல்யாணமானதிலிருந்து என்னை 'வாங்க' என்று அவர் சொன்னது அன்றுதான். எனக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

"அந்தக் கெட்டி ஸ்டீல் கத்தி ஒண்ணு குடுங்க."

கொடுத்துத் தொலைத்திருக்கலாம். கை அலமாரி வரை போனது, அங்கேயே நின்றுவிட்டது.

"எதை வெட்டுவீங்க?"

நான் கண்ணாலேயே அவரை எரித்தேன். "காய்கறி."

"வேற?"

"வேற எதுவும் இல்ல."

"போன ஞாயித்துக்கிழமை ஜன்னல் கொக்கிய எதால நெம்புனீங்க?"

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "பெயின்ட் டப்பா மூடிய எதால தொறந்தீங்க? சுவிட்ச் பெட்டி திருகாணிய?" என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். மனிதர் பன்னிரண்டு வருஷமாகக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். என் மானம் கப்பலேறியது.

முதலாளி எழுந்துவிட்டார். "யோவ், அந்தம்மா வீட்டு ஜன்னல் கொக்கி உனக்கு எப்படித் தெரியும்?"

"அது எங்க வீட்டுக் கொக்கிதான், முதலாளி."

குட்டு உடைந்ததும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "ஆமா, நெம்புவேன்! காயும் நறுக்குவேன், கொக்கியும் நெம்புவேன், டப்பாவும் தொறப்பேன். எல்லாத்துக்கும் ஒரே ஸ்டீல் வேணும்னு நான் எப்பக் கேட்டேன்? நறுக்க ஒண்ணு குடுங்க, நெம்ப ஒண்ணு குடுங்க. ரெண்டு குடுத்தா உங்க ஸ்டீல் கோவிச்சுக்குமா?"

அப்போது இவர் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். ஓர் ஆளுக்கு ஒரு கத்தி, அதற்கு ஓர் எஃகு என்றே இத்தனை வருஷமும் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்த மனிதர். இரண்டாகக் கொடுக்கலாம் என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை.

என் பின்னால் நின்ற பெரியவர் தொண்டையைக் கனைத்தார். "தம்பி, நானும் டப்பா தொறக்கிறவன்தான். எனக்கும் ரெண்டு குடுத்துடுங்க." அவருக்குப் பக்கத்தில் நின்ற நர்ஸ், "நான் பெல்ட்டுக்கு ஓட்டை போடுவேன்" என்று கேட்காமலே ஒப்புக்கொண்டார். கடையே வரிசையில் நின்று வாக்குமூலம் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. முதலாளி அன்று சாயங்காலமே கெட்டி ஒன்று, இளக்கம் ஒன்று என்று ஜோடி ஜோடியாகக் கட்டி அடுக்கச் சொன்னார்.

மாசக் கடைசிக்கு ஒரு நாள் முன்னாலேயே அலமாரி காலி. கடைசி ஜோடி எங்கள் வீட்டுக்கு வந்தது. இவர் கைப்பிடிகளில் 'நறுக்க', 'நெம்ப' என்று சீட்டு ஒட்டி, முக்கால் மணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தார். வேலை நிலைத்த சந்தோஷத்தில் நானும் தலையாட்டிக் கேட்டேன்.

ஒன்பதாம் நாள் பார்த்தால் நறுக்குகிற கத்தியின் முனையைக் காணோம். சத்தியமாக நான் அதால் எதையும் நெம்பவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். இவர் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே, மூன்று நாளாக நின்றுபோயிருந்த சுவர்க் கடிகாரம் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

"இதால எதை வெட்டுனீங்க?"

"வெங்காயம்."

"வேற?"

"வேற எதுவும் இல்ல" என்றார், பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அந்த ஸ்டீல்லயே ஏதோ குறை."

எனக்கு அவர் மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது. குறையே இல்லாத மனிதரோடு குடித்தனம் நடத்துகிறோமே என்று உள்ளூர ஒரு பயம் இருந்திருக்கிறது போல, அது அந்த நிமிஷமே போய்விட்டது. மேற்கொண்டு நான் எதுவும் கேட்கவில்லை. கடிகாரத்தை இறக்கினேன். நெம்புகிற கத்தியால் பின்மூடியைத் திறந்து, பேட்டரிக்குப் பக்கத்தில் கிடந்த முனையை எடுத்து அவருடைய பேப்பர் மேல் வைத்தேன்.