பின்விளக்கு வட்டமா, நீளமா

அப்பாவுக்குப் பேச வரும் என்பது எனக்குப் பத்து வயதில்தான் தெரிந்தது. அதுவும் ஒரு பஸ்ஸின் கடைசி வரிசையில்.

வீட்டில் அவர் பேசியதெல்லாம் தேவைக்கு. தண்ணி வந்துட்டா, சிலிண்டருக்குச் சொல்லியாச்சா, கதவைச் சாத்து. அதற்கு மேல் ஒரு சொல் அவர் வாயிலிருந்து விழாதா என்று சோற்றுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். விழாது. மோர் விட்டுப் பிசைந்து சாப்பிட்டு எழுந்துவிடுவார்.

தில்லி மயூர் விஹாரில் எங்கள் சொசைட்டி வாசலுக்குத் தினமும் காலை எட்டேகாலுக்கு ஒரு சார்ட்டர்டு பஸ் வரும். செக்ரடேரியட் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் சேர்ந்து மாத வாடகைக்கு அமர்த்திய பஸ். அதில் யார் எங்கே உட்காருவது என்பது எங்கும் எழுதிவைக்காத பட்டா. முன்னால் பஜனை பாடுகிறவர்கள், நடுவில் சீட்டாடுகிறவர்கள், கடைசி வரிசையில் அப்பா, குரானா அங்கிள், பானர்ஜி அங்கிள். மூவருக்கும் ஒரே ஆபீஸ். மூவரிடமும் கார் கிடையாது. ஓட்டவும் தெரியாது. ஆனால் மூவரும் கார்ப் பைத்தியங்கள்.

அந்தக் குளிர்காலத்தில் அவர்கள் ஒரு காருக்காகக் காத்திருந்தார்கள். வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, தரையோடு தரையாகப் பதுங்கிய உடம்பு, சிவப்பு. அதன் பழைய மாடலின் படத்தை அப்பா பீரோ கதவின் உட்பக்கம், வேட்டிகளுக்கு மேலே ஒட்டியிருந்தார். அதை அடியோடு மாற்றி வடிவமைத்துவிட்டார்களாம். பிரகதி மைதானத்தில் நடக்கும் கார் கண்காட்சியில் திறந்து காட்டப்போகிறார்களாம். தரியாகஞ்ச் நடைபாதையில் ஞாயிற்றுக்கிழமை விற்கும் பழைய வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில், சோதனை ஓட்டத்தின்போது யாரோ ஒளிந்திருந்து எடுத்த படம் அவர்களுக்குக் கிடைத்திருந்தது. கார் முழுக்கக் கறுப்புத் துணி, போர்வைக்குள் சுருண்ட காய்ச்சல்காரனைப்போல. அந்தத் துணிக்கு உள்ளே பின்விளக்கு வட்டமா, நீளமா? பழையதில் வட்டம். அப்பா வட்டக் கட்சி. குரானா அங்கிள் நீளக் கட்சி. பானர்ஜி அங்கிள் காலையில் வட்டம், மாலையில் நீளம்.

பானர்ஜி அங்கிளின் மச்சான் பாஸ் வாங்கிக் கொடுத்திருந்தார். ஒரே ஒரு நாள் காலைக்கு மட்டும் செல்லும். மூன்று பேரும் கேஷுவல் லீவு போட்டார்கள். எனக்குப் பள்ளி விடுமுறை. "இவளையும் கூட்டிட்டுப் போங்க, பொழுதன்னைக்கும் ஒங்க மூஞ்சியவே பாத்துட்டுக் கெடக்கா" என்று அம்மா தள்ளிவிட்டதில் நானும் சேர்ந்துகொண்டேன். கண்காட்சி வழியில்தானே, நம் பஸ்ஸிலேயே போய் நடுவில் இறங்கிக்கொள்வோம் என்பது ஏற்பாடு.

பஸ் நகர்ந்ததும் அப்பா வேறு ஆளானார்.

"அந்த வட்டம்தான் அதுக்கு முகம்" என்றார் இந்தியில், கையை விரித்து. "பின்னால போறவன் பாத்த உடனே சொல்லணும், இது அதுதான்னு. அதை எடுத்துட்டா அது வேற யாரோட காரோ."

"அரே பாய், உலகமே நீளத்துக்குப் போயாச்சு" என்றார் குரானா அங்கிள். "மதராசி மட்டும் இன்னும் இட்லியிலேயே இருக்கான்."

"முக்கோணமா வெச்சிட்டான்னா ரெண்டு பேரும் என்ன பண்ணுவீங்க?" என்று பானர்ஜி அங்கிள் கேட்க, அப்பா சிரித்தார். வாய்விட்டு. அவருக்கு உள்பக்கம் ஒரு பல் வெள்ளியில் அடைத்திருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

யமுனைப் பாலம் பனிக்குள் வந்து பனிக்குள் போனது. பிரகதி மைதானத்தின் கொடிகள் வந்தன, வாசல் வந்தது, அதுவும் போனது. நான் பார்த்தேன். சொல்லவில்லை. அப்பா பேசிக்கொண்டிருந்தார், அவர் என்ஜினைப் பற்றிச் சொன்னதில் ஒன்றும் புரியவில்லை, ஆனால் அந்தக் குரல் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. குறுக்கே பேசினால் மோர்ச்சோற்று அப்பா திரும்பி வந்துவிடுவார் என்று பயம். பஸ் நின்றதும் மூவரும் வழக்கம்போல இறங்கி, வழக்கம்போல நடந்து, ஆபீஸ் வாசலில் காவலாளி வைத்த சலாமுக்குத் தலையாட்டவும் செய்தார்கள்.

"காரு இங்கதான் இருக்காப்பா?" என்று கேட்டேன்.

லீவு போட்டுவிட்டு ஆபீசுக்கு வந்து நின்ற மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேலதிகாரியின் கார் வருகிற சத்தம் கேட்டதும் ஓடினார்கள். ஒரே ஆட்டோவில் நான்கு பேர். நான் அப்பா மடியில்.

போய்ச் சேர்ந்தபோது துணியை விலக்கி முடித்திருந்தார்கள். அந்த அரங்கில் தில்லி மொத்தமும் ஸ்வெட்டர் போட்டு நின்றது. குரானா அங்கிளும் பானர்ஜி அங்கிளும் கூட்டத்தில் எங்கோ கரைந்துவிட்டார்கள். அப்பா எக்கிப் பார்த்தார், எக்கிப் பார்த்தார், பிறகு என்னைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"ஏளா, என்ன தெரியுது?"

சிவப்பு தெரிந்தது. சுழலும் மேடையில் மூக்கு முதலில் வந்தது. மெல்ல, மிக மெல்ல, ஒரு மீன் புரள்வதுபோல் பக்கவாட்டு வந்தது. அதன் பளபளப்பில் கூரை விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறி வழுக்கி விழுந்தன. கதவு போனது, பின்சக்கரம் வந்தது. இன்னும் ஒரு மூச்சு. அப்போது விசில் ஊதினார்கள். யாரோ மந்திரி வருகிறாராம், அரங்கைக் காலி செய்ய வேண்டுமாம். ஒரு காவலர் அப்பாவின் முழங்கையைத் தட்டி, குழந்தையை இறக்கு என்றார். இறக்கிவிட்டார். கூட்டம் எங்களை வெளியே தள்ளிக்கொண்டு போனது. மறுபடி உள்ளே விடவில்லை.

வெயிலில் நின்று அப்பா குனிந்தார். அவ்வளவு பக்கத்தில் அவர் என் கண்ணைப் பார்த்ததில்லை.

"பின்லைட்ட பாத்தியாளா? வட்டமா, நீளமா?"

"வட்டம்பா."

"நிசமா?"

"நிசமா. ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு."

அவர் என்னைக் கட்டிக்கொண்டார். இரண்டு நண்பர்களும் ஒன்றும் பார்க்காமல் திணறி வெளியே வந்தபோது, அப்பா தூரத்திலிருந்தே கையால் காற்றில் வட்டம் போட்டுக் காட்டினார்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, குரானா அங்கிள் எங்கள் மூன்றாம் மாடிக்கு மூச்சிரைக்க ஏறி வந்தார். கையில் மடித்த பத்திரிகைத் தாள்.

"பேட்டா, உண்மையச் சொல்லு. பின்னால லைட் எப்படி இருந்தது?"

அப்பா என் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"கோல் தா, அங்கிள்" என்றேன். வட்டம்தான்.

குரானா அங்கிள் தாளைப் பிரித்து அப்பாவிடம் கொடுத்தார். சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை. "பச்சி ஹை யார், சின்னப் பிள்ளை. பொய் சொல்லியிருப்பா. விடு, சமோசா வாங்கிக் கொடு."

அப்பா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். அதில் இருந்தவை நீள விளக்குகள். இப்போது எந்த ஃபோனிலும் தேடிப் பார்க்கலாம். தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"எம் பொண்ணு பொய் சொல்ல மாட்டா" என்றார். தமிழே தெரியாத மனிதரிடம், தமிழில்.

நான் அப்பாவைக் காப்பாற்றிவிட்டதாக எனக்குள் ஒரே கொண்டாட்டம்.

அடுத்த நாள் சொசைட்டி வாசலில் பள்ளி பஸ்ஸுக்கு நின்றபோது பார்த்தேன். அப்பா பஸ்ஸில் ஏறி, பின்னால் போகாமல், மூன்றாவது வரிசையில் பஜனைக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்த நாளும் அங்கேதான். கடைசி வரிசை ஜன்னலில் பானர்ஜி அங்கிள் மட்டும் எனக்குக் கையாட்டினார்.

"ஏம்மா அப்பா சீட்டு மாறிட்டாக?"

"முதுகு வலியாம்ளா. கடைசி சீட்டு தூக்கித் தூக்கிப் போடுதாம்."

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு எவ்வளவு நேரம் தோளில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் அவர் வந்ததும் தைலத்தை எடுத்துக்கொண்டு போனேன். அவர் சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்தார்.

"இங்கயாப்பா?"

"இன்னும் கொஞ்சம் மேல."

"இங்க?"

"ஆங். அங்கதான்."

அன்றிலிருந்து பங்குனி முடியும்வரை தினமும் தேய்த்துவிட்டேன். நான் ரொம்பக் கனம் என்று முடிவு செய்து, ராத்திரியில் ஒரு சப்பாத்தி குறைத்துக்கொண்டேன்.