மூன்று மணிச் சோறு

திருமயம் பஸ்ஸில் யாருடைய போனிலோ அரபிச் செய்தி தொடங்கியது. செய்திக்கு முன்னால் வரும் அந்த இசையைக் கேட்டதும் எனக்குப் பசித்தது.

என் சின்ன வயதில், அப்பா குவைத்திலிருந்து கொடுத்தனுப்பிய சாட்டிலைட் ரேடியோவின் ஆன்டெனாவை அம்மா ஜன்னலில் வானம் பார்க்க வைத்திருப்பாள். அரபியில் ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் அந்த ஊர் மதியச் செய்தி வந்த பிறகுதான் எங்களுக்குச் சோறு. இங்கே மணி மூன்றாகியிருக்கும்.

“ஒங்கப்பா இப்பத்தான் சாப்பிட உக்காருவாரு,” என்பாள்.

அப்பாவின் உடலோடு, கூட வேலை பார்த்தவர் ஒருவர் வந்தார். அம்மா அவரிடம் ஒன்றுதான் கேட்டாள்.

“கடைசியா மத்தியானம் என்ன சாப்பிட்டாக?”

“அங்க மத்தியானச் சாப்பாடு ஏதுங்க? ராத்திரி ஒருவேளைதான்.”

அம்மா எழுந்துபோய் ஆன்டெனாவைப் பரணில் போட்டாள்.

இன்றும் வீட்டுக்குப் போனதும் எனக்குச் சோறு போடுவாள். அவள் மதியம் சாப்பிட்டு இருபது வருடமாகிறது.