ரதி வேடக்காரனின் காப்பு

1. பிள்ளைக்காம்பராவில் முதல் நாள்

"குடும்ப நலப் பணியாளர்" என்று பங்குக் கோயிலில் எனக்குப் பெயர் வைத்தபோது, அரிசி பருப்பு பங்கிட்டுக் கொடுக்கும் வேலை என்றுதான் நினைத்தேன். அதற்கு முன் பதுளையில் ஒரு பிஸ்கட் ஏஜென்சியில் சேல்ஸ் ரெப்பாக இருந்தேன். எதையும் யாரிடமும் பேசி விற்றுவிடுவான் என்ற நம்பிக்கையில் ஃபாதர் என்னைப் பிடித்துக் கண்டிக்கு ட்ரெய்னிங் அனுப்பினார். அங்கே ஒரு சிஸ்டர் போர்டில் கர்ப்பப்பையை வரைந்த பிறகுதான் என்ன சரக்கை விற்கப் போகிறேன் என்பது தெரிந்தது. உடனே தலைவலி வந்தது. ட்ரெய்னிங் முடியும்வரை அது போகவில்லை.

சரக்கின் பெயர் இயற்கை முறைக் குடும்பத் திட்டம். மாத்திரை, ஊசி, ஒப்பரேஷன் எதுவும் கிடையாது. பெண் தன் உடம்பு காட்டும் அடையாளங்களைக் கவனித்து, பிள்ளை தங்கக்கூடிய நாட்களைக் கண்டுகொள்ள வேண்டும். பிள்ளை இப்போதைக்கு வேண்டாமென்றால் இருவரும் அந்த நாட்களில் விலகி இருக்க வேண்டும். திருச்சபை சம்மதிக்கும் வழி இது ஒன்றுதான். இதற்கு ஒரு சார்ட் உண்டு. மாதவிடாய்க்குச் சிவப்பு ஸ்டிக்கர், காய்ந்த நாளுக்குப் பச்சை, ஈரமான நாளுக்குக் குழந்தைப் படம் போட்ட வெள்ளை.

தொண்ணூறுகளின் கடைசி. தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் என் முதல் வகுப்பு. பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு நேரே வந்த பெண்கள் பிள்ளைக்காம்பராவில் கூடியிருந்தார்கள். பகலில் தோட்டத்துக் குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. அங்கிருந்த நாற்காலிகளும் குழந்தைகள் அளவுதான். முழங்கால் காதைத் தொட உட்கார்ந்துகொண்டு, மூத்த பெண்கள் முகத்தைப் பார்க்கவே வெட்கப்பட்டு, "ஈரப்பதன் அதிகரிக்கும் நாட்களில்" என்று ரேடியோவில் வானிலை சொல்கிறவன் மாதிரி ஆரம்பித்தேன். மழை எப்ப விடும் என்று ஒருத்தி கேட்டாள். காம்பரா முழுக்கச் சிரிப்பு.

வேறு வழியில்லாமல் கொழுந்துக் கணக்கில் சொன்னேன். ஒரு மலையில் கொழுந்து எடுத்தால், அடுத்த ரவுண்டு வரும்வரை அந்த மலையில் கை வைப்பதில்லை அல்லவா, அது மாதிரி உடம்புக்கும் ரவுண்டு உண்டு என்றேன். சிரிப்பு நின்றது. தலைகள் ஆடின. பிஸ்கட் விற்ற வாய் வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டு, சிஸ்டர் சொல்லித் தந்தபடியே முடித்தேன். உயிர் கருவிலேயே தொடங்குகிறது, கருவைக் கலைப்பது கொலை.

அப்போதுதான் லூர்துமேரி பேசினாள். எங்கள் சபைக்காரி. மடியில் மூன்றாவது பிள்ளை, பால்குடி. அந்தப் பிரசவத்தில் இரத்தம் நிற்காமல் பதுளை ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடி வந்தவள். குறைந்தது இரண்டு வருஷத்துக்கு இன்னொன்று தங்கக்கூடாது என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"சேர், கலைக்கிறது பாவம்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேணாங்க. மூணு பெத்தவ நான். மிட்வைஃப் மிஸ்ஸி தர்ற மாத்திரையும் கூடாது, ஒப்பரேசனும் கூடாதுன்னு பூசையில சொல்றீங்க. எல்லாக் கதவையும் நீங்களே சாத்திப்புட்டு, அந்த வீட்டுப் பக்கம் மட்டும் போயிறாதன்னா, நான் எங்கிட்டுப் போறது?"

அந்த வீடு என்றால் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்திருந்தது. பதுளையில் ஒரு பின் தெருவில், எந்தப் படிப்பும் இல்லாத ஒருவர் இரகசியமாகக் கருக்கலைக்கும் வீடு. மேல் லயத்து வரிசை வீட்டுப் பெண் ஒருத்தி அங்கே பஸ்ஸில் போய், பெட்டியில் திரும்பி வந்திருந்தாள்.

"ஒரு கதவ நான் தொறந்து வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். ஸ்டொக் இல்லாமலே ஓடர் எடுப்பது சேல்ஸ் ரெப் புத்தி.

2. மீசையை எடுக்கும் புருஷன்

அந்தத் தோட்டத்து மிட்வைஃப் பரமேஸ்வரி மிஸ்ஸி யாழ்ப்பாணத்துக்காரி. நானும் அவரும் ஒரே பஸ்ஸில்தான் போவோம். அவர் பையில் மாத்திரை, என் பையில் ஸ்டிக்கர். எனக்குக் கல்யாணமான மறு வருஷமே முதல் பிள்ளை, அது நடக்கப் பழகுமுன் அடுத்தது. "உம்மட வீட்டுக்கு மட்டும் ஸ்டிக்கர் காணாமப் போட்டுதோ?" என்று பஸ்ஸுக்கே கேட்கும்படி விசாரிப்பார். ஆனால் லூர்துமேரி மாத்திரை வேண்டாமென்று சொன்ன பிறகு அவளை ஒருநாளும் வற்புறுத்தவில்லை. புருஷன்காரனைப் பிடியும், அவன் இல்லாமல் உம்மட முறை பிழைச்சுப் போகும் என்று மட்டும் எச்சரித்தார்.

புருஷன் தங்கவேல் சைவம். நான் போன மாலையில் தன் லயத்துக் காம்பரா வாசலில் உட்கார்ந்து தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். கத்தி தீட்டும் மனிதனிடம், நீ உன் மனைவியை விட்டு விலகியிரு என்று சொல்வதற்கு எந்த ட்ரெய்னிங்கிலும் பாடம் இல்லை. முதலில் தோட்டத்துக் கிரிக்கெட் டீமைப் பற்றி விசாரித்தேன். பிறகு மழை. பிறகு திரும்பவும் கிரிக்கெட். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லி முடித்தேன்.

கத்தி நின்றது. "நடக்குற காரியமாங்க சேர்? ஒரு காம்பரா, ஒரு வெளக்கு. மாசாமாசம் இத்தன நாளுன்னா மனுசனால முடியுமா?"

அடுப்படியிலிருந்து லூர்துமேரியின் குரல் வந்தது. "மாசி மாசம் மட்டும் எப்பிடி முடியுதாம்?"

தங்கவேல் தலையைக் குனிந்துகொண்டான். அந்தத் தோட்டத்துக் காமன் கூத்தில் ரதி வேடம் அவனுடையது. மாசியில் கையில் மஞ்சள் காப்புக் கட்டினால், சிவபெருமான் மன்மதனை எரித்து முடிக்கும்வரை கடும் விரதம். கவிச்சி இல்லை, சாராயம் இல்லை, பெண்சாதி பக்கம் படுப்பதில்லை. அருமையாக வளர்த்த மீசையை வழித்துவிட்டு, சேலை கட்டி, எரிந்த புருஷனுக்காக அவன் அழும் ஒப்பாரியில் பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள்கூட மூக்கைச் சிந்துவார்கள்.

"கூத்துல எவனோ ஒருத்தனுக்குப் பொண்டாட்டியா நின்னு உருகி உருகி அழுவுற. எனக்குப் புருசனா ஒரு கெழம சும்மா இருக்க முடியலயா? நான் செத்துப்போனா அப்பிடி அழுவியா?"

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். லயத்துச் சுவர்கள் கூரைவரை போவதில்லை. தங்கவேல் சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தான்.

அடுத்த மாதம் சார்ட்டில் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிய அன்று, லூர்துமேரி ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்து அவன் மணிக்கட்டில் கட்டிவிட்டாள். அந்த நாட்கள் முடிந்ததும் அவளே அவிழ்த்தாள். காப்புன்னா காப்புத்தாங்க, அத மீறக்கூடாது என்று தங்கவேல் என்னிடம் பெருமையாகக் காட்டினான். கண்டி சிஸ்டர் சொன்ன கத்தோலிக்க முறை, காமனின் காப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபாதருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?

சில மாதங்களில் இன்னும் நாலைந்து பெண்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு வரும் ஆண்களின் கையைப் பார்த்தே இன்று யார் வீட்டில் நோன்பு என்று ஊருக்குத் தெரிந்தது. கேலிக்குக் குறைவில்லை. ஆனால் காப்பு அவிழவில்லை.

3. வளையல் கடை வாசலில் பிரசங்கம்

மாசி நெருங்கியது. ஒரு வேலை நாளில் தெமோதரை பஸ் நிறுத்தத்தில் லூர்துமேரியைப் பார்த்தேன். நல்ல சேலை, கையில் குடை, பிள்ளை இல்லை. அந்த மாதம் அவள் சார்ட்டில் சிவப்பு ஸ்டிக்கர் வரவேண்டிய நாள் தாண்டிப் போயிருந்தது எனக்குத் தெரியும். பதுளை பஸ் வந்தது. அவள் ஏறினாள். பின் கதவால் நானும் ஏறினேன்.

வழியில் ஹாலிஎல வருமுன்பே அந்தோனியாருக்கு ஒரு கட்டு மெழுகுதிரி நேர்ந்தேன். பதுளை வருமுன் அது மூன்று கட்டானது. அவள் இறங்கிக் கடைத்தெரு வழியாக நடந்தாள். ஒவ்வொரு கடைத் தூணுக்குப் பின்னாலும் ஒளிந்து ஒளிந்து போனேன். ஒரு தூணுக்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு நாய் நின்றது. அது போட்ட சத்தத்தில் தெருவே திரும்பியது, லூர்துமேரியைத் தவிர. அந்தப் பின் தெரு பிரியும் முனையில் அவள் நின்றாள். மழை பிடித்துக்கொண்டது. எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் முன்னால் நின்று, உயிர் கடவுள் கொடுத்தது, அதை எடுக்க நமக்கு உரிமையில்லை, கருவில் இருப்பதும் உன் பிள்ளைதான் என்று மூச்சுவிடாமல் பிரசங்கம் செய்தேன். நனைந்த கோழி மாதிரி இருந்திருப்பேன்.

பக்கத்தில் இருந்தது வளையல் கடை. கடைக்கார முஸ்லிம் நானா கையில் வளையல் தட்டோடு வாசலுக்கு வந்துவிட்டார். "சேர், மழைக்கு உள்ளுக்கு வாங்க. ரோட்டுல நிண்டு பேசுற பேச்சா இது?"

லூர்துமேரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், படியில் உட்கார்ந்து சிரித்தாள். ரதிக்கு வளையல் வாங்கத்தான் வந்தாளாம். தங்கவேலின் கைக்கு ஏற்ற அளவு இந்தக் கடையில்தான் கிடைக்குமாம்.

சிரிப்பு அடங்கிய பிறகு அவள் கண் கலங்கியிருந்தது.

"பொய் சொல்லலங்க சேர். தள்ளிப் போனதும் உண்ம. பஸ் ஏறும்போது மனசுல ரெண்டு எண்ணம் இருந்ததும் உண்ம. இந்த முக்குல வந்ததும் காலு நின்னுருச்சு. புள்ள வேணாம்னு இல்லங்க. நான் போயிட்டா இருக்குற மூணையும் யாரு பாப்பான்னுதான் பயம்."

மிஸ்ஸியிடம் போவோம் என்றேன். வளையல் பொட்டலத்தையாவது தூக்கிக்கொண்டு நடக்கலாமே என்று அதை வாங்கிக்கொண்டேன்.

அன்று பரமேஸ்வரி மிஸ்ஸிக்குப் பதுளையில்தான் கிளினிக். டெஸ்ட் செய்து பார்த்தார்கள். எதுவும் தங்கியிருக்கவில்லை. அவளுக்குப் போன உயிர் வந்தது. எனக்கும்தான். அப்போது மிஸ்ஸி என் பக்கம் திரும்பினார். "பால் குடுக்கிற தாய்க்கு மாதம் தள்ளிப் போறது புதுமையே? நீர்தானே ஐசே இதைப் படிப்பிக்கிறனீர்?"

உண்மைதான். நான் நடத்தும் வகுப்பின் முதல் பாடமே அதுதான். பயத்தில் பாடத்தை மறந்த வாத்தியார் நான்.

லூர்துமேரி தண்ணீர் குடிக்க வெளியே போனதும் மிஸ்ஸி குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை தங்கியிருந்தால் என்ன செய்திருப்பீர்?"

செபம் பண்ணியிருப்பேன் என்றேன்.

"பண்ணும். நானும் அந்த வீட்டுக்கு அவளை விடமாட்டன். ஆனால் ஒவ்வொரு கிளினிக்குக்கும் அவளை ஆர் கூட்டிக்கொண்டு வாறது? பெலவீனமான பொம்பிளை, பஸ்ஸிலையே தொங்கிக்கொண்டு வாறது?"

4. ஃபாதர் கண்ட கயிறு

அடுத்த பூசைக்கு ஃபாதர் தோட்டத்துக்கு வந்தபோது, பங்கு ஜீப்பைக் கிளினிக்குப் போகும் தாய்மாருக்குக் கேட்பதென்று முடிவு செய்திருந்தேன். வாயைத் திறக்குமுன் அவர் கேட்டார். "மாசி வரல, திருவிழா இல்ல. லயத்துல மூணு நாலு ஆம்பளைங்க கையில மஞ்சக் கயிறு. என்னா விசேஷம்?"

எனக்கு ஒன்றும் தெரியாது ஃபாதர் என்று சொல்ல வாயெடுத்தேன். தங்கவேல் முந்திக்கொண்டான். "நம்ம சேர் சொன்ன முறைக்குக் கட்டுன காப்புங்க சாமி. காமன் காப்பு மாதிரித்தான். இது எம் பொஞ்சாதி கட்டுனது."

பழைய பிஸ்கட் ஏஜென்சி இன்னும் ஆள் எடுக்கிறதா என்று மனசுக்குள் விசாரிக்க ஆரம்பித்தேன். ஃபாதர் அவன் கையைப் பிடித்துக் கயிற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாருக்காக இந்த விரதம் என்று கேட்டார்.

"இவளுக்காகத்தாங்க. செத்துருவாளோன்னு பயம்."

ஃபாதர் அவன் கையை விட்டார். பிறகு என்னைப் பார்த்தார். "வருஷா வருஷம் தவக்காலத்துல ஒறுத்தல் செய்யுங்கன்னு நான் தொண்ட கிழியக் கத்துறேன். நம்ம ஆளுங்க பன்றி இறைச்சிய விட மாட்டேங்குறாங்க. இவன் பொண்டாட்டிக்காக மாசாமாசம் செய்யுறான். இதுல நான் என்னத்த திருத்துறது?"

அந்தச் சந்தடியில் ஜீப்பைக் கேட்டேன். கொடுத்தார். டீசல் மட்டும் கவனமாகச் செலவழிக்கச் சொன்னார். அதன் பிறகு கிளினிக் நாட்களில் முன் சீட்டில் மிஸ்ஸி, பின்னால் தாய்மார், நடுவில் என்னைக் கேலி செய்யும் பேச்சு. எங்கள் சபைப் பெண்களும் இருப்பார்கள், மிஸ்ஸியின் மாத்திரைக்காரிகளும் இருப்பார்கள். யாரையும் இறங்கச் சொன்னதில்லை. மாத்திரை விஷயத்தில் எனக்கும் மிஸ்ஸிக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. அந்த வீட்டுக்கு இனி ஒருத்தியும் போகக்கூடாது என்பதில் ஒரு நாளும் பேதம் வரவில்லை.

டொக்டர் சொன்ன காலம் தாண்டிய பிறகு ஒரு நாள் லூர்துமேரி வந்து, காப்பை ஆத்துல விட்டாச்சு சேர் என்றாள். ஒப்பரேஷனா? சண்டையா? அவன் ஓடிவிட்டானா? மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டேன்.

"டொக்டர் இனி பயமில்லன்னுட்டாருங்க. எங்க வீட்டுக்காரருதான் இன்னொன்னு இருக்கட்டுமேன்னாரு. ரெண்டு பேரும் பேசித்தான் அவுத்தோம்."

பிள்ளை பதுளை ஆஸ்பத்திரியில் சுகமாகப் பிறந்தது. கூட்டிப் போனது ஜீப். பெண் பிள்ளை. ஈஸ்டர் பாஸ்கு முடிந்த பிறகு ஞானஸ்நானம். கூத்துக்கு வழித்துப் பாதி முளைத்த மீசையோடு தங்கவேல் கோயிலுக்குள் வந்து முன் வரிசையில் நின்றான். பிள்ளை தலையில் தண்ணீர் பட்டு வீரிட்டபோது அவனும் அழுதான். அதில் ரதியின் ஒப்பாரி ராகம் துளிகூட இல்லை. மூக்கு ஒழுக, எந்த அழகும் இல்லாமல் அழுதான்.

வெளியே வந்ததும் லூர்துமேரி சொன்னாள். "சேர், மஞ்சக் கயிறு கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. உங்க வீட்டம்மாகிட்ட குடுத்திருக்கேன்."

திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது பிள்ளையை இடுப்பில் சுமந்துகொண்டு என் மனைவி நின்றாள். பக்கத்தில் பரமேஸ்வரி மிஸ்ஸி. இருவரும் என் மணிக்கட்டைப் பார்த்துக் கயிற்றை அளந்துகொண்டிருந்தார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒரு பெண்ணிடம் போய் "கூடாது" என்று சொல்லுமுன், நீங்கள் திறந்து வைத்திருக்கும் கதவு எது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஜீப்பில் டீசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியே உங்கள் கையையும்.