ஒரே ஒரு வாடிக்கையாளர்

ஒரு பொருளை உலகத்தில் ஒரே ஒருவர் மட்டும் வாங்கினால், அதற்குச் சந்தை இருக்கிறது என்று சொல்லலாமா? பலகைக்காரியின் வாழ்க்கை சில வருடங்கள் இந்தக் கேள்வியின் மேல்தான் நின்றது.

குப்பைமேட்டுக்குப் போகும் பால் பாக்கெட்டுகளையும் பிஸ்கட் உறைகளையும் வாங்கிக் கழுவி, அரைத்து, சூட்டில் அழுத்திப் பலகையாக்குவது அவள் தொழில். மழையில் ஊறாது, கரையான் தொடாது. ஆனால் கடைக்காரர்கள் விரலால் தடவி, மூக்கருகே கொண்டுபோய், "குப்பைதானே இது?" என்று திருப்பித் தந்தார்கள். மாதம் ஒருமுறை ஒரு லாரி மட்டும் வந்து, இருப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டு போகும். அதை நம்பித்தான் பழைய வேலையை விட்டிருந்தாள்.

அவளை உறுத்தியது ஒன்றுதான். வாங்குபவர் பேரம் பேசுவதே இல்லை.

"விரிசல் விட்டதக்கூட ஏத்துறீங்களே, யாருண்ணே உங்க முதலாளி?"

"எனக்கு ஏத்தத் தெரியும், எறக்கத் தெரியும். வேற எதுவும் தெரியாதும்மா" என்பார் ஓட்டுநர்.

"வாங்குறவங்க வாங்குறாங்க. உனக்கு ஏன் குடையுது?" என்றார் கணவர்.

"திருட்டுச் சரக்கக்கூட பேரம் பேசித்தாங்க வாங்குவாங்க. இதுல என்னமோ இருக்கு."

ஒருநாள் பொறுக்கமுடியாமல் ஸ்கூட்டரில் லாரியின் பின்னாலேயே போனாள். அது எந்தக் கட்டட வேலைக்கும் போகவில்லை. அவளுடைய அக்காவின் துணிக்கடைக் கிடங்கில் போய் நின்றது. "என் தங்கச்சி குப்பைய உருக்கிக் கோட்டை கட்டப் போறா" என்று சொந்தக்காரர்களைச் சிரிக்கவைத்த அதே அக்கா. உள்ளே பலகைகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. ஒன்றில்கூட ஆணி இறங்கவில்லை. குப்பைமேட்டில் கிடக்க வேண்டியது கூரைக்கடியில் கிடந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கையும் களவுமாகப் பிடிபட்டவளின் முழியோடு அக்கா வந்தாள்.

"வேலி போடலாம்னு வாங்கினேன்டி."

"இத வச்சு ஊருக்கே வேலி போடலாம்க்கா."

"போடுவேன். உனக்கென்ன அவசரம்?"

"பாவம் பாத்து வாங்குனியா?"

"உன்மேல பாவம் பாக்க எனக்கென்ன பைத்தியமா?"

தங்கை அதையும் நம்பவில்லை. பாசமா, ஏளனமா, பின்னால் சொல்லிக்காட்டச் சேர்த்துவைத்த ஆயுதமா? வழியெல்லாம் புரட்டிப் பார்த்தும் பிடிபடவில்லை. தொழிலை மூடிவிடுவாள் என்றுதான் கணவர் நினைத்தார்.

அடுத்த மாதம் லாரி வந்தது. எப்போதும்போலப் பலகைகளை ஏற்றவிட்டாள். பிறகு, தொழில் தொடங்கியதிலிருந்து முதல்முறையாக, விலையை உயர்த்திச் சொன்னாள்.

"அங்க கேக்கணுமேம்மா" என்று ஓட்டுநர் தலையைச் சொறிந்தார்.

"கேளுங்கண்ணே. கட்டலேன்னா பேரம் பேசச் சொல்லுங்க."

ஏன் என்று கணவர் கேட்டபோது, அவள் அரைவை எந்திரத்தைப் போட்டுவிட்டாள்.