முதலில் கேட்காத பெட்டிகள்

இரண்டு கம்பெனிகளின் கன்ட்ரோல் பெட்டிகளை ஒன்றோடொன்று பேச வைப்பதுதான் என் தொழில். அவை பேசாவிட்டால் பழி யார் தலையில் விழும் என்று, இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எண்பதுகளின் நடுவில், கல்யாணமான கையோடு, கோவையிலிருந்த என் கம்பெனி என்னை மொரப்பூர் பக்கம் ஒரு நூற்பு மில்லுக்கு அனுப்பி, அங்கேயே இருந்து பார்த்துக்கொள் என்றது. குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். என் மனைவி பத்மா கோவையில் என் அம்மாவோடு இருந்தாள்.

குழாய்த் தட்டு

காற்று காய்ந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதற்காகப் பக்கத்து அறையில் தண்ணீர் தெளித்து ஈரக்காற்று அனுப்பும் பிளான்ட் ஓடும். மெஷின் கன்ட்ரோல் ஒரு கம்பெனி, பிளான்ட் கன்ட்ரோல் வேறொரு கம்பெனி. இரண்டையும் நான் இணைக்கும்வரை, நடுவில் ஓடும் தண்ணீர்க் குழாய்தான் கேபிள். நூற்கும் கூடத்திலிருந்து ஸ்பேனரால் குழாயைத் தட்டுவார்கள். பிளான்ட்டில் இருக்கும் காதர் பாய் தண்ணீரைக் கூட்டுவார், குறைப்பார்.

பகல் ஷிஃப்டில் ஒரு தட்டு என்றால் கூட்டு, இரண்டு என்றால் குறை. அடுத்த ஷிஃப்டில் அப்படியே தலைகீழ்! ஒருநாள் பகல் ஷிஃப்ட்காரரான காதர் பாய் ஷிஃப்ட் மாறி வந்தார். குறைக்கச் சொல்லி ஒரு தட்டுத் தட்டினார்கள், அவர் கூட்டினார். இன்னும் ஓங்கித் தட்டினார்கள், இன்னும் கூட்டினார். கூடம் முழுக்கப் பனிமூட்டம், பஞ்சு உருளைகளில் அப்பிக்கொண்டது. சூப்பர்வைசர் கோவிந்தன் நனைந்த சட்டையோடு ஓடி வந்து கத்த, காதர் பாய் நிதானமாகச் சொன்னார்: "நீங்க கேட்டதத்தானே குடுத்தேன்? ஒழுங்கா கேக்கலன்னா நான் என்னங்க பண்றது?"

டிரங்க் கால்

ஞாயிற்றுக்கிழமைகளில் மில் ஆபீசிலிருந்து கோவைக்கு டிரங்க் கால் போடுவேன். பக்கத்து வீட்டு போனுக்கு பத்மா வந்து காத்திருப்பாள். சாப்பிட்டீங்களா என்பாள். சாப்பிட்டேன் என்பேன். குவார்ட்டர்ஸில் அடுப்பு மூட்டியதே இல்லை என்று சொல்லமாட்டேன்.

கோவைப் பக்கம் போகிற ரயில் சத்தம் கேட்டாலே எனக்கு வேலை ஓடாது. அவளைப் பார்க்க வேண்டும், அவள் குரல் என் குவார்ட்டர்ஸில் கேட்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஆனால் சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவளை இந்த உப்புத் தண்ணீருக்கும் புழுதிக்கும் எப்படிக் கூப்பிடுவது? அவளே வருகிறேன் என்று சொல்லட்டும் என்றிருந்தேன். அவளும் சொல்லவில்லை. லைனில் இரைச்சல் மட்டும் ஓடும். ஆபீசைப் பூட்டக் காத்திருந்த கோவிந்தன் ஒருநாள் கேட்டார்: "லைன் கட்டாயிடுச்சா சார்? இல்லீங்களா? அப்புறம் ஏன் சார் பேசாம நிக்கிறீங்க?"

இரண்டு பேரும் சரி

கேபிள் இழுத்தாயிற்று. இரண்டு பெட்டியிலும் விளக்கு எரிகிறது; ஒரு தகவலும் நகரவில்லை. எங்கள் பெட்டி சரி, அவர்களுடையதைப் பாருங்கள் என்று இரண்டு கம்பெனியும் கைகழுவின. மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் கண்டுபிடித்தேன். இரண்டும் சரிதான். இரண்டுமே, கேட்டால் மட்டும் பதில் சொல்லும்படி செய்தவை. முதலில் கேட்கிற பழக்கம் இரண்டுக்குமே கிடையாது.

ஒன்றிடம் கேட்டு மற்றதிடம் சொல்ல, நடுவில் மூன்றாவதாக ஒரு பெட்டி வைத்தேன். குழாயை யாரும் தட்டாமலே தண்ணீர் கூடியது, குறைந்தது. விஷயத்தைக் கேட்ட காதர் பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை: "இத்தினி நாளா நீ கேளு, நீ கேளுன்னு ரெண்டும் ஒக்காந்துட்டு இருந்துச்சுங்களா?"

அன்று ராத்திரி, ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினேன்.

மறு ஞாயிறு

பத்மா லைனுக்கு வந்ததும், சாப்பாட்டுப் பேச்சுக்கே இடம் கொடுக்காமல், "இங்க தண்ணி உப்பு, ஒரே புழுதி, நீ இல்லாம என்னால இருக்க முடியல, வந்திடறியா?" என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டேன். கோவிந்தன் சாவிக்கொத்தோடு மரியாதையாக வெளியே போய்விட்டார். இரைச்சலுக்கு நடுவே அவள் சொன்னாள்: "துணியெல்லாம் எடுத்து வச்சு எத்தன நாளாச்சு தெரியுமுங்களா? நீங்க ஒரு வார்த்த கேக்கோணும்னுதான் இருந்தேன்."

அந்தப் பெட்டிகள் அதற்குப் பிறகும் எத்தனையோ முறை பேச்சை நிறுத்தி என் உயிரை வாங்கின. எங்கள் வீட்டில்தான் பேச்சு இன்றுவரை நிற்கவே இல்லை.